மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் கப்பாபைகஸ் பாசி

உயிருள்ள பவளங்களைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்பவர்களுக்குத் தீராத தொல்லை ஒன்று உண்டு. கடலிலிருந்து எடுத்த கல்லைத் தொட்டியில் வைத்தால், அதன் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் தட்டைப்புழு, குமிழ்ப்பாசி, ஐப்டேசியா என்னும் சிறு கடல்சாமந்தி ஆகியவையும் உடன் வந்துவிடும். ஐப்டேசியாவைப் பிய்த்தெடுத்தால், ஒட்டியிருக்கும் சிறு துணுக்கு மீண்டும் முழு உயிராக வளரும். ஆகவேதான், புதிய கல்லைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்பது இத்துறையில் முதல் விதியாக உள்ளது.

கடலுக்குத் தனித்தொட்டி கிடையாது. அங்கு வேண்டாத உயிர் ஒன்று நுழைந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அது இராமநாதபுரம் மாவட்டத்து மீனவர்கள் 'பெப்சி பாசி' என்று அழைக்கும் கப்பாபைகஸ் அல்வரேசி என்ற சிவப்புப் பாசியின் வரலாறு.

தொட்டியிலிருந்து கடலுக்கு

முதலில் உலக அனுபவம் ஒன்றைக் காண்போம். 1984 இல் மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத்தின் அருகே, மத்தியதரைக் கடலில் காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் பச்சைப்பாசி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. அது காட்சித்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட வகை, குளிரையும் தாங்கக்கூடியது. தொடக்கத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990களில் அது பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் கரைகளுக்குப் பரவியது.

அதே பாசி 2000 இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாத் காயலில் தென்பட்டபோது, உடனே தார்ப்பாய்களால் மூடி உள்ளே குளோரின் செலுத்தினார்கள். 2006 இல் அது முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பாசி ஒன்றுதான், ஓரிடத்தில் காத்திருந்தார்கள், மற்றோரிடத்தில் காத்திருக்கவில்லை.

கப்பாபைகஸ் வந்த வழி

கப்பாபைகஸ் பிலிப்பைன்ஸ் பகுதிக்குரிய பாசி. இதிலிருந்து கிடைக்கும் கராஜீனன் என்னும் கூழ்ப்பொருள் ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கப் பயன்படுகிறது. பவநகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இதனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1990களில் மண்டபம் பகுதியில் சோதனைச் சாகுபடி நடந்தது. 2000க்குப் பிறகு பெப்சிகோ நிறுவனம் வணிகச் சாகுபடியில் இறங்கியது. 'பெப்சி பாசி' என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

சாகுபடி முறை எளிது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம் கட்டி, குறுக்கே கயிறுகளில் பாசித் துண்டுகளை முடிந்து, ஆழம் குறைந்த கடலில் மிதக்க விடுவார்கள். ஏறத்தாழ 45 நாட்களில் அறுவடை. பாக் நீரிணைக் கரையில் இவ்வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதுவரை மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப் பாசிக்கும் தீவுகளைச் சுற்றி மூழ்கி, கை கால்களைப் பாறையில் கிழித்துக்கொண்டு உழைத்த குடும்பங்களுக்கு இது மாற்று வருமானமாக அமைந்தது.

அச்சமும் அரசாணையும்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986 இல் அறிவிக்கப்பட்டது. இங்கு 117 வகைக் கல்பவளங்கள் பதிவாகியுள்ளன. 2001 இல் பவளங்கள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இத்தகைய இடத்தின் அருகில் அயல்பாசியை வளர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 1974 இல் ஹவாய்த் தீவுகளின் கனியோகே விரிகுடாவில் சோதனைக்காக விடப்பட்ட கப்பாபைகஸ், பின்னர் அங்குள்ள பவளங்களின் மேல் படர்ந்தது.

2005 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி பாக் நீரிணைப் பக்கத்திலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டுமே இப்பாசியை வளர்க்கலாம். தேசியப் பூங்கா அமைந்த பகுதி விலக்கப்பட்டது.

குருசடைத் தீவில்

கோடு வரைந்தது தாளில். நீரோட்டம் அதை அறியாது. கப்பாபைகஸ் இங்கு வித்துகளால் பரவாது என்று சாகுபடியை ஆதரித்தவர்கள் கூறினர். ஆனால் இப்பாசிக்கு வித்து தேவையில்லை. அலையில் முறியும் துண்டே போதும். ஐப்டேசியாவின் துணுக்கைப் போல அது தங்கிய இடத்தில் வளரும். 2008 இல் 'கரண்ட் சயின்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை, குருசடைத் தீவின் கிளைப்பவளங்கள் மேல் இப்பாசி படர்ந்திருப்பதைத் தெரிவித்தது. பின்னர் சிங்கிள், முள்ளி போன்ற தீவுகளிலும் அது காணப்பட்டது.

பவளத்தின் திசுக்களில் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவளிக்கின்றன. கப்பாபைகஸ் மேலே பாய்போல் மூடும்போது ஒளி தடைபடுகிறது. வண்டலும் அடியில் தேங்குகிறது. நாளடைவில் பவளம் இறந்து வெற்றுச் சுண்ணாம்புக் கூடு எஞ்சுகிறது.

அகற்றும் முயற்சிகள்

வனத்துறையும் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் முக்குளிப்பவர்களைக் கொண்டு பாசியைக் கையால் அகற்றின. இது பொறுமை வேண்டும் வேலை. வேகமாக இழுத்தால் பவளக்கிளை முறியும். துண்டு நழுவினால் வேறிடத்தில் முளைக்கும். அதனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டியுள்ளது. ஹவாயில் உறிஞ்சுபொறியால் பாசியை எடுத்த பின், மிச்சத்தை மேய்வதற்குக் கடல்முள்ளெலிகளை வளர்த்து விட்டார்கள். நம் கடலில் ஓரா, கிளிஞ்சான் போன்ற மீன்கள் பாசி மேய்பவை. இவற்றை அளவுக்கு மீறிப் பிடித்தால் இயற்கையான காவலும் குறையும்.

இன்றைய நிலை

பாசிச் சாகுபடியை விரிவாக்கும் திட்டங்கள் தொடர்கின்றன. 2023 இல் இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஒருபுறம் கரையோரப் பெண்களின் கூலி. மறுபுறம் மீன்வளத்துக்கு நாற்றங்காலாகவும் தீவுகளுக்கு அலைத்தடுப்பாகவும் நிற்கும் பவளப்பாறை. பாறை அழிந்தால் மீன் குறையும். அப்போது இழப்பும் அதே குடும்பங்களுக்குத்தான். மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி போன்ற உள்நாட்டு வகைகளைச் சாகுபடிக்குக் கொண்டுவருவது இரண்டையும் காக்கும் ஒரு வழி.

மலைக்கும் பொருந்தும் பாடம்

இது கடலுக்கு மட்டும் உரிய கதையன்று. போடிமெட்டுச் சரிவுகளில் காணும் உண்ணிச்செடி, அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதே. இராமநாதபுரத்தின் சீமைக்கருவேலம் விறகுக்காகப் பரப்பப்பட்டது. இன்று அதை அகற்ற வேண்டும் என்கிறோம். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களும் அதை நம்பியே இருக்கிறார்கள். அயல் உயிர் ஒன்று வேரூன்றிய பின் அதைச் சார்ந்து ஒரு பிழைப்பும் வேரூன்றிவிடுகிறது. அதன்பின் அகற்றுவது அறிவியல் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை.

எனவே மாணவர்கள் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது காலவரிசையை. பாசி வந்தது 1980களில். கட்டுப்பாடு வந்தது 2005 இல். தொட்டி வளர்ப்பவர் கல்லை உள்ளே வைக்கும் முன் கேட்கும் கேள்வியை, இங்கே இருபது ஆண்டுகள் கழித்தே கேட்டோம்.