ஒற்றியூர் நிலமும் ஊர் நினைவும்

திருவொற்றியூர்த் திருக்கோயிலினின்றும் மேற்கு நோக்கிச் சென்று மணலியைக் கடப்பார்க்கு மாத்தூர் என்னும் ஊர் எதிர்ப்படும். நெடுங்காலம் தனிச் சிற்றூராயிருந்த இஃது 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பெற்றது. இதன் ஒரு பகுதியை மக்கள் 'மாத்தூர் எம்.எம்.டி.ஏ.' என்றே வழங்குவர். பெருநகர் வளர்ச்சிக்கென 1970-களில் அமைந்த அரசுக் குழுமத்தால் மனைகளாக வகுக்கப்பெற்றமையின், அக்குழுமத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே ஊர்ப்பெயராய் நின்றுவிட்டன. 1996-ஆம் ஆண்டில் நகரின் பெயர் ஆங்கிலத்திலும் சென்னையென மாறியபின் குழுமமும் தன் பெயரை மாற்றிக்கொண்டது. மாத்தூரோ பழைய எழுத்துக்களை இன்றும் சுமந்து நிற்கின்றது. ஓர் அலுவலகத்தின் பெயர் சில பத்தாண்டுகளில் ஒரு நிலத்தின்மேல் இத்துணை ஆழமாகப் பதியுமாயின், ஆயிரம் ஆண்டுகளாக அந்நிலத்திற் பதிந்திருந்தவை யாண்டுச் சென்றன என்னும் வினா எழுதல் இயல்பே. அவ்வினாவைச் சைவ நன்மக்கள் முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது நம் சித்தாந்தத் துணிபு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும் ஒளியின் உதவியின்றி அது காணமாட்டாது. அதுபோல உயிரும் காட்டுவார் காட்டினாலன்றி அறியாது. ஓர் உயிர்க்குக் கூறிய இவ்வுண்மையை உவமை வகையால் ஓர் ஊர்க்கும் கூறலாம். ஊரார் நினைவு ஊராரிடத்தே உள்ளதாயினும், அதனை அவர்க்குக் காட்டுவன குளமும் மரமும் எல்லையும் தேர்வீதியுமாகிய நிலப்பொருள்களே. அவை மாறின் நினைவின் வண்ணமும் மாறும். அவை மறையின், நினைவு உள்ளதாயினும் விளங்காது கிடக்கும்.

இதற்குச் சான்று ஒற்றியூர் வரலாற்றிலேயே உள்ளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாரை மணக்குங்கால், ஒற்றியூரை விட்டுப் பிரியேன் எனச் சூளுறவு செய்ய உடன்பட்டனர். உடன்பட்டவர், தாம் திருமுன்பிற் சூளுரைக்கும் பொழுது இறைவன் மகிழின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டுமெனவும் விண்ணப்பித்தனர். இறைவனோ சங்கிலியார்க்கு மகிழின்கீழேயே சூள் கொள்ளுமாறு உணர்த்தியருளினன். பின்னர் ஆரூர் வசந்த விழாவை நினைந்து சுவாமிகள் ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்களும் ஒளியிழந்தன. மரம் சூளுக்குச் சான்றாயிற்று. எல்லை சூளுக்கு அளவாயிற்று. கண்ணிழந்த சுவாமிகள் வடதிருமுல்லைவாயிலையும் திருவெண்பாக்கத்தையும் வணங்கிக் காஞ்சி நோக்கிச் சென்றமை பெரியபுராணத்தால் அறியப்படும். ஒற்றியூர்க்கும் முல்லைவாயிற்கும் இடைப்பட்ட நிலத்திலேயே மணலியும் மாத்தூரும் உள்ளன. சுவாமிகளின் திருவடி எவ்வரப்பிற் பட்டதென ஒருவராலும் கூறலாகாது. எனினும், சைவவுலகம் மறக்கலாகாத ஒரு பெருந்துயர் நடந்து சென்ற பக்கம் இதுவே.

முன்னோர் இதனை மறந்திலர். ஒற்றியூர்க் கல்வெட்டுக்கள் இப்பகுதியைப் புழற்கோட்டத்தைச் சார்ந்ததாகக் குறிக்கும். மணலி, சிங்கவிஷ்ணு சதுர்வேதிமங்கலம் என்னும் மறுபெயருடன் அவற்றுட் காணப்படும். பல்லவர் ஆட்சியின் நினைவு சோழர் காலத்தும் ஊர்ப்பெயரில் வாழ்ந்தமைக்கு அது சான்று. முதலாம் இராசேந்திரன் காலத்திற் சதுரானன பண்டிதரின் ஏவலாற் கருங்கல்லில் எடுக்கப்பெற்ற விமானம் இன்றும் நிற்கின்றது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராசன் பங்குனி உத்தர விழாவின்போது மகிழின்கீழ் ஆளுடைய நம்பியின் புராணம் கேட்டிருந்த செய்தியும் கல்லில் உள்ளது. அரசன் விரும்பினால் அரண்மனையிலிருந்தே அப்புராணத்தைக் கேட்டிருக்கலாம். எங்குச் சூள் நிகழ்ந்ததோ அங்கிருந்து கேட்டலே கேட்டலாம் என்று அக்காலத்தார் கருதினர் போலும்.

இனி, இந்நிலத்தின் முகம் மாறிய வகையை நோக்குவோம். ஆங்கிலர் ஆட்சியில், கோட்டைக்கு வடபால் அமைந்த பழைய பட்டணம், பீரங்கிகளுக்குத் தடையற்ற வெளி வேண்டும் என்னும் காரணத்தால் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இடிக்கப்பட்டது. அதனோடு பட்டணத்துப் பெருங்கோயிலும் அழிந்தது. பின்னர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியாற் சென்னமல்லீசுவரர், சென்னகேசவர் இரட்டைக் கோயில்கள் வேறிடத்தில் எழுந்தன. பழைய கோயில் நின்ற பகுதியில் 1892-ஆம் ஆண்டு முதல் உயர்நீதிமன்றம் விளங்குகின்றது. ஆங்கு வழக்காடச் செல்வோருள் எத்தனை பேர் தாம் கோயில் நிலத்தில் நிற்பதை அறிவர்?

அடுத்து வந்தது துறைமுகம். 1881-ஆம் ஆண்டுப் புயலிற் சிதைந்து மீளக் கட்டப்பெற்ற அதன் கற்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே இயல்பாகச் செல்லும் கடல்மணலைத் தடுத்தன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினாக் கடற்கரையை அகலமாக்கியது. மணல் வரவிழந்த இராயபுரம் முதலிய வடகரையைக் கடல் அரித்தது. நகரின் தென்கரை உலாவுமிடமாகப் புகழ்பெற, வடகரை மீனவர் தம் வலையுலர்த்தும் மணலையும் வீட்டையும் இழந்தனர். இன்று அக்கரையிற் காண்பது அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்குவியலே.

நாடு விடுதலை பெற்றபின் இப்போக்கு மாறியதா? மாறவில்லை, விரைவுற்றது. 1965-இல் நிறுவப்பெற்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் மணலியில் இயங்கத் தொடங்கிற்று. உரத் தொழிற்சாலை முதலியன தொடர்ந்தன. 1970-இல் எண்ணூர் அனல் மின்நிலையம் தோன்றி 2017-இல் மூடப்பட்டது. 2001-இல் எண்ணூரிலும் துறைமுகம் எழுந்தது. நெல்லும் உப்பும் மீனும் விளைந்த நிலத்தை வெற்று மணல்வெளியென எண்ணிய அயலார் பார்வையையே நம்மவரும் கைக்கொண்டனர்.

குற்றம் முழுவதையும் அயலார் மேலேற்றுதல் பொருந்தாதென்பதற்குத் திருவெண்பாக்கமே போதிய சான்று. கண்ணிழந்த சுவாமிகட்கு இறைவன் ஊன்றுகோல் அருளிய தலம் அது. எண்ணூரிற் கடலொடு கலக்கும் கொற்றலையாற்றின் குறுக்கே, சென்னை மக்களின் குடிநீர்க்கென 1944-இற் பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தபொழுது, பழந்தலம் நீரில் ஆழ்ந்தது. அரசு ஆங்கிலருடையது, ஆயினும் அத்திட்டத்திற்காக உழைத்தவர் அந்நாளில் நகர மேயராயிருந்த நாட்டுப்பற்றாளர் சத்தியமூர்த்தியாரே. தேக்கமும் அவர் பெயரையே பூண்டது. ஊன்றீசர் கரைமேல் அமைத்த புதிய கோயிலில் எழுந்தருள, 1968-இற் குடமுழுக்கு நிகழ்ந்தது.

'குடிநீர் வேண்டா, தொழில் வேண்டா என்பீரோ?' என வினவுவாருளர். அங்ஙனம் கூறேம். அந்நீரைப் பருகியே நாமும் வாழ்கின்றோம். மாத்தூர் மனைகளிற் குடியேறிய எளிய குடும்பங்கட்கு அவை பெரும்பேறாயின. நாம் வேண்டுவது ஒன்றே. கொண்டவர், எதனைக் கொண்டோம் என்பதை மறத்தலாகாது. ஆழ்ந்த கோயிலுக்கு மாற்றுக் கோயில் எழுந்தது, அதனை நினைப்பார் இருந்தமையான். நினைப்பாரில்லாத பொருள் மாற்றும் பெறாது அழியும்.

இத்துணை மாற்றத்திற்கும் அழியாது நின்றவை எவை? மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை ஆண்டுதோறும் நிகழ்கின்றது. பௌர்ணமி நாளில், மேலூர்த் திருவுடையம்மையைக் காலையிலும், ஒற்றியூர் வடிவுடையம்மையை நண்பகலிலும், முல்லைவாயிற் கொடியிடையம்மையை மாலையிலும் தொழும் வழக்கம் உயிரோடுள்ளது. ஆலைப் புகையின் ஊடும் சரக்கு வண்டிகளின் ஊடும் செல்லும் அவ்வடியார், தாம் அறிந்தோ அறியாமலோ, பழைய நிலத்தை மீண்டும் ஒருமுறை இணைத்துச் செல்கின்றனர். கல்வெட்டிலும் வழிபாட்டிலும் இடம்பெற்றவை இங்ஙனம் பிழைத்தன. அவ்விரண்டிலும் இடம்பெறாத வயல்களின் பெயரும், தூர்ந்த குளங்களின் பெயரும், கடல்கொண்ட குப்பங்களின் தெய்வங்களும் அவற்றை அறிந்த முதியோரோடு மறைந்து வருகின்றன. இதுவே நாம் அஞ்சத்தக்க இழப்பாகும்.

ஆதலின் இரண்டு பணிகள் நம்மால் இயல்வன. மணலி, மாத்தூர், எண்ணூர் முதலிய ஊர்களின் முதியோரை அணுகி, வயல், ஏரி, குளம், எல்லைத் தெய்வம் ஆகியவற்றின் பழம்பெயர்களை ஏட்டிற் பதிதல் ஒன்று. மகிழடி சேவை நாளில் ஒற்றியூர்க் கல்வெட்டுக்களை ஆங்குக் கூடுவோர் கேட்க வாசித்துப் பொருள் கூறுதல் மற்றொன்று. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு சிலர் முன்வரின் போதும்.

ஒற்றி என்னுஞ் சொற்குப் பொருள் பல கூறுவர். உலக வழக்கில் அஃது ஈடாக வைத்த நிலத்தைக் குறிக்கும். ஒற்றி கொண்டவன் அந்நிலத்தின் பயனை நுகரலாம். அதனை அழித்தற்கு உரிமையுடையனல்லன். ஒருநாள் திருப்பிக் கொடுத்தற்கும் கடமைப்பட்டவன். இவ்வடகரை முழுதும் முன்னோர் நம்மிடம் ஒற்றி வைத்த நிலமேயாம். வெண்பாக்கத்தில் இறைவன் கண்ணைத் தாராது கோலைத் தந்தருளினன். அக்கோலை ஊன்றி நடந்தபின்னரே கண் கிடைத்தது. போன நிலத்தை நாம் மீட்டல் அரிது. போனதன் பெயரையேனும் எழுதி வைத்தல் அத்தகையதோர் ஊன்றுகோலாம். அன்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

திருச்சிற்றம்பலம்.