வள்ளூர் வட்டாரத்தில் பள்ளி இசைக் கல்வி

வள்ளூர், திருவள்ளூர் மாவட்டத்தில் மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் இடையே உள்ள ஊர். 1,500 மெகாவாட் அனல்மின் நிலையத்தால் வெளியுலகுக்குத் தெரிந்தது. மீனவர், தெலுங்கு பேசும் குடும்பத்தினர், பிழைப்புக்காக வந்த வடமாநிலத்தார் எனப் பலரும் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வரையிலான இப்பகுதியில் கலந்து வாழ்கின்றனர்.

வீட்டில் எம்மொழி பேசினாலும், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் காலை வழிபாட்டில் ஒன்றாகப் பாடுவது தமிழ்த்தாய் வாழ்த்து. 'மனோன்மணீயம்' (1891) நாடகத்திலிருந்து எடுத்த வரிகளுக்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பலருக்குப் பள்ளியில் கிடைக்கும் இசை அனேகமாக அவ்வளவுதான். இசை தேர்வுப் பாடம் அல்ல. 2012இல் ஓவியம், தையல், உடற்கல்வி, இசை உள்ளிட்டவற்றுக்காக மாநிலம் முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வருபவர் ஒரு பாடகர் குழுவை உருவாக்குவது எளிதல்ல.

இசைக்கு இங்கே பஞ்சமில்லை என்பதுதான் வேடிக்கை. திருவொற்றியூரைத் தேவார மூவரும் பாடியுள்ளனர். அவ்வூர்க் கோயிலின் திரிபுரசுந்தரி மீது தியாகராஜர் தெலுங்கில் பஞ்சரத்தினம் இயற்றினார். அவருடைய சீடர் வீணை குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகையர். ஆக, தெலுங்கு பேசும் மாணவனுக்கு அக்கோயில் அந்நியம் அல்ல. ஆனால் அதை அவனுக்குச் சொல்லும் வகுப்பு இல்லை.

வடசென்னையின் சொந்த இசையான கானாவின் நிலை இன்னும் மோசம். உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில், குறிப்பாக தலித் மக்களிடையே வளர்ந்த அதைச் சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். இசையமைப்பாளர் தேவாவின் திரையிசை அதற்குப் புகழ் சேர்த்தது. 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவைப் பெருமேடைக்குக் கொண்டுவந்தது. வகுப்பறைக் கதவு மட்டும் திறக்கவில்லை.

வள்ளூருக்கு நேரடியாகத் தொடர்புடைய பாடலும் உண்டு. எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் சீரழிவதைப் பற்றி கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுத, டி.எம்.கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' அங்கேயே படமாக்கப்பட்டு 2017இல் வெளியானது. இவ்வட்டாரப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இசைப்பாடம் கிடைப்பது அரிது.

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழாவில் பாட்டுக்கும் இசைக்கருவிகளுக்கும் பள்ளி அளவிலிருந்து மாநில அளவு வரை போட்டிகள் நடக்கின்றன. வீட்டிலோ தேவாலயத்திலோ கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அது மேடை தருகிறது. கற்காத பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது இன்னமும் பகுதிநேர ஆசிரியரின் வேலைதான்.