கோட்டை மைதானம்

ஒலவக்கோட்டிலிருந்து பாலக்காட்டு நகருக்குச் செல்லும் நம் காலனி அன்பர்கள் யாவரும் கோட்டை மைதானத்தைக் கண்டிருப்பர். கிரிக்கெட்டு ஆட்டமும், பொருட்காட்சியும், பொதுக்கூட்டமும் நிகழும் இடம். என் மகன் அங்குப் பந்தாடச் செல்வான். அவனை அழைத்துவரச் சென்று காத்திருந்த மாலைப்பொழுதுகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

இம்மைதானத்தில் ஐதர், திப்பு ஆகியோர் படைகளின் யானைகளும் குதிரைகளும் கட்டப்பெற்றிருந்தன என்பது இவ்வூரார் வழிவழியாகக் கூறும் செய்தி. அருகிலுள்ள கோட்டையைப் பார்த்தால் அதனை ஐயுறத் தோன்றாது. சாமூத்திரிக்கு அஞ்சிய பாலக்காட்டு அரசர் 1757-இல் ஐதர் அலியின் துணையை நாடினார். ஐதர் அப்பொழுது திண்டுக்கல்லில் படைத்தலைவராக இருந்தார். துணைக்கு அழைக்கப்பட்டவர் பின்பு தலைவரானார். இது வரலாற்றில் புதிதன்று. 1766-இல் இக்கோட்டையை அவர் வலுவுறக் கட்டினார். மலையாள நாட்டிற்கும் கொங்கு நாட்டிற்கும் இடையே மலைத்தொடர் விட்டுக்கொடுத்த ஒரே அகன்ற வாயில் பாலக்காட்டுக் கணவாய். அதன் திறவுகோல் இக்கோட்டையே.

1768-இல் கும்பினிப் படை இதனைக் கைப்பற்றியது. சில திங்களில் ஐதர் மீட்டார். 1783-இல் நிகழ்ந்த முற்றுகையே மிகக் கடுமையானது. கர்னல் புல்லார்ட்டன் திண்டுக்கல், பழனி வழியாக வந்து, ஆனைமலைக் காட்டினூடே கொட்டும் மழையில் படையை நடத்தினார். இன்று பழனி முருகனைத் தரிசிக்க நாம் பயணச்சீட்டு எடுக்கும் திசைதான் அது! பீரங்கி ஒன்றை ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்திற்கு அனுப்ப இன்று ஒரு வண்டிப்பெட்டியும் ஒரு ரசீதும் போதும். அன்றோ சேற்றில் புதைந்த சக்கரங்களை மாடுகளும் மனிதரும் சேர்ந்து இழுத்தனர். சென்னைப் படையின் சிப்பாய்களில் நம் தமிழ் மாவட்டத்தார் பலர். தளபதியரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மாடோட்டியவனின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு இது நெடுநாளாக உறுத்தும் செய்தி.

நவம்பர்த் திங்களில், பெருமழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், முற்றுகையிட்டோர் திடீரெனப் புறவரணைத் தாக்கினர். மழையில் எவரும் வாரார் என்றிருந்த காவலர் நிலைகுலைந்தனர், கோட்டை வீழ்ந்தது. ஆயினும் அடுத்த ஆண்டே, 1784 மார்ச்சில், மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கும்பினிப் படை அகன்றது. கோட்டை மீண்டும் திப்புவினிடம் சென்றது. அத்தனை பாடும் ஓராண்டுக்கும் உதவவில்லை. 1790 செப்டம்பரில் கர்னல் ஸ்டூவர்ட் அதே திண்டுக்கல்லிலிருந்தே வந்து மறுபடி பிடித்தார். பின்னாளில் படையும் நீங்கிற்று. கோட்டைக்குள் தாலுகாக் கச்சேரி நடைபெற்றது.

விளையாட்டுத் திடல் படைக்களமாவது நம் காலத்தை ஒட்டியும் நிகழ்ந்ததுண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரு நாள் கழித்து, முன்பு குதிரைப்பந்தயம் நடந்ததும் பின்பு விளையாட்டுத் திடலானதுமான பேரர் பார்க்கில், 40,000-க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கைதிகளாக நிறுத்தப்பட்டனர். இந்திய தேசிய ராணுவத்தின் வித்து அங்குதான் ஊன்றப்பட்டது. 1943 ஜூலை 5-இல் நேதாஜி அணிவகுப்பை ஏற்ற படாங்கும் கிரிக்கெட்டுத் திடலே. தோட்டத் தொழிலாளராகச் சென்ற தமிழர் ஆயிரக்கணக்கில் அப்படையில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய காப்டன் லட்சுமியின் அன்னையார் அம்மு சுவாமிநாதன், நம் பாலக்காட்டு மாவட்டத்து ஆனக்கரையைச் சேர்ந்தவர் என்பதை ஈண்டு மகிழ்வுடன் குறிப்பிடுகிறேன்.

விழாவிற்கு வெளியூரினின்று வரும் உறவினரை அன்பர்கள் மலம்புழை அணைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். திரும்பும் வழியில் ஒரு நாழிகை கோட்டை மைதானத்தில் இறங்குக. அகழியில் நீர் நிற்கிறது. மதிலை ஒட்டி நடக்கலாம். ஆட்டம் நடைபெற்றால் பிள்ளைகள் அங்கிருந்து எளிதில் கிளம்பமாட்டார்கள் என்பதை மட்டும் முன்னரே சொல்லிவைக்கிறேன்.