மல்லாட்டையும் டால்டாவும் நம் தீபாவளிப் பெட்டியும்



போன தீபாவளிக்கு நம் சங்கம் கொடுத்த இனிப்புப் பெட்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு ஒன்று, செக்யூரிட்டிக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. பில்லில் 'நெய் ஸ்வீட்' என்றுதான் போட்டிருந்தது. மைசூர்பாகு மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மிக்சரைத் திறந்தால் சிக்கு வாடை. எங்கள் தளத்திலேயே இரண்டு பெட்டி மறுநாள் குப்பைக் கூடையில் கிடந்தது. செக்யூரிட்டி வீட்டில் அதைக் கொட்டியிருக்க மாட்டார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

அப்போது நம் வாட்ஸ்அப் குழுவில் பலரும் எழுதியது, "அந்தக் காலத்து நெய் இனி எங்கே சார் கிடைக்கும்?" அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். பாதிக் கதை நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலேயே நடந்தது.

சென்னை மாகாணத்தில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது 1918ல். நம் தாத்தா காலத்திலேயே அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், அந்தக் காலத்து நெய்யைப் பற்றி நாம் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும்.

அப்போது இது தென்னாற்காடு ஜில்லா; விழுப்புரம் தனி மாவட்டமானது 1993ல்தான். ஜில்லாவின் பணப்பயிர் மல்லாட்டை. 1879ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை திறந்த பிறகு, இங்கே விளைந்தது மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்குப் போய், பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளையும் சோப்பு ஆலைகளையும் சேர்ந்தது. நம் ஊர்ச் செக்குக்கு எஞ்சியதுதான் நமக்கு.

இதற்கிடையில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் நார்மன் என்ற வேதியியலாளர், நிக்கல் துணையுடன் எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைக் கெட்டிக் கொழுப்பாக்கும் முறைக்கு 1902ல் காப்புரிமை பெற்றார். அந்த முறையில் தயாரான கொழுப்புதான் இந்தியாவில் வனஸ்பதி ஆனது. 1937ல் டால்டா டப்பா கடைக்கு வந்தது. வெள்ளை நிறம், நெய் போலவே மணல் மணலாக உறையும், விலையோ நெய்யைவிடக் குறைவு. அந்த நாளில் அதற்கு முக்கிய மூலப்பொருள் கடலை எண்ணெய். நெய்யோடு கலந்தால் கண்ணாலும் மூக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது. கலப்படக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

காந்தி எதிர்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு வனஸ்பதியையே தடை செய்ய நாடாளுமன்றத்தில் முயற்சி நடந்தது. நிறம் சேர்த்துவிட்டால் கலப்படம் தானே தெரிந்துவிடுமே என்று ஏற்ற நிறமாகத் தேடினார்கள். சரியான ஒன்று அகப்படவில்லை. கடைசியில் கிடைத்த வழி வேடிக்கையானது. வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நெய் என்று விற்பதை ஆய்வகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால், உள்ளே வனஸ்பதி இருக்கும்பட்சத்தில் அந்த நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டிக் கொடுத்துவிடும். போடூயின் சோதனை என்று பெயர்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களெல்லாம் 'திண்டிவனம்' என்ற பெயரின் சுருக்கம். 1940ல் வெளியான டி.எம்.வி. 2 நிலக்கடலை நாடு முழுக்கப் பரவியது. அதே நிலையம் எள் ரகங்களும் கொடுத்தது. டால்டாவாக மாறிய பயிர், டால்டாவைக் காட்டிக்கொடுத்த பயிர் இரண்டுக்கும் ஒரே ஊர் பெயர் கொடுத்திருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நாடு முழுமைக்குமான கலப்படத் தடைச் சட்டம் 1954ல் இயற்றப்பட்டு, 1955 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. வனஸ்பதியில் பலகாரம் செய்வது அன்றும் குற்றமில்லை, இன்றும் இல்லை. அதை நெய் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். நம் பெட்டியை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஆகவே உள்ளே என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. உடம்புச் சூட்டில் சரியாக உருகாத கொழுப்பு அண்ணத்தில் படியும் என்பது மட்டும் தெரியும்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2014 ஆகஸ்டில், சென்னைக்குப் பால் ஏற்றிப்போன ஆவின் டேங்கரைத் திண்டிவனம் பக்கத்தில் நிறுத்திப் பாலை இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றிய கும்பலை வெள்ளிமேடுப்பேட்டை போலீசார் பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரை போனது.

இப்போது இருப்பது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 5. அதன் கீழ் வந்தவற்றில் நமக்கு உபயோகமானவை சில. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால், 2018 ஜூலையிலிருந்து அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது. மிக்சரின் சிக்கு வாடைக்குப் பழைய எண்ணெயும் காரணமாகலாம், நாள்பட்ட சரக்கும் காரணமாகலாம். வனஸ்பதியோடு வரும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீதம்தான் உச்சவரம்பு. தட்டில் வைத்து எடைபோட்டு விற்கும் இனிப்புக்கும் 'எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்' என்று அந்தத் தட்டிலேயே எழுதி வைக்க வேண்டும் என்ற உத்தரவு 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த முறை கடைக்குப் போனால் அந்தச் சீட்டைத் தேடிப் பாருங்கள். ஆர்டர் கொடுக்கப் போன நாங்கள் மூன்று பேரும் அன்று பார்க்கவில்லை. ருசி பார்க்கக் கொடுத்த ஜாங்கிரி சூடாக இருந்தது, அதில் மயங்கிவிட்டோம்.

அந்தச் சட்டத்தின் 40ஆவது பிரிவு அதிகம் பேருக்குத் தெரியாது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, வாங்கிய பொருளை நாமே ஆய்வுக்குக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இந்த வருட ஆர்டர் பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேச இருக்கிறோம். என் பங்குக்கு மூன்று கோரிக்கை வைக்கப்போகிறேன்: எந்தக் கொழுப்பில் செய்தது என்று பில்லில் எழுதித் தர வேண்டும், பெட்டியில் தேதி இருக்க வேண்டும், செக்யூரிட்டிக்குப் போகும் பெட்டியும் நமக்கு வரும் பெட்டியும் ஒரே தட்டிலிருந்து நிரப்பப்பட வேண்டும். விலை கிலோவுக்குக் கொஞ்சம் கூடும். அப்படிக் கூடினால் அரைக் கிலோவைக் கால் கிலோவாக்கிக் கொள்ளலாமா என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.