இரண்டு விடுதலைகள்: செட் எவன்ஸ் வழக்கும் பொதுக்கருத்தும்

செட் எவன்ஸ் வழக்கைத் தமிழில் எழுத முற்படுவோர் தொடக்கத்திலேயே ஒரு சொற்சிக்கலை எதிர்கொள்கின்றனர். 2014 அக்டோபர் 17 அன்று அந்தக் கால்பந்து வீரர் சிறையிலிருந்து விடுதலையானார். 2016 அக்டோபர் 14 அன்று கார்டிஃப் நீதிமன்றத்தில் மறுபடியும் விடுதலையானார். முதலாவது, ஐந்தாண்டுத் தண்டனையில் பாதியைக் கழித்தபின் நிபந்தனைகளோடு வெளியே வந்தது; அவர் மீதான குற்றத்தீர்ப்பு அப்போதும் உயிரோடிருந்தது. இரண்டாவது, குற்றச்சாட்டிலிருந்தே விடுபட்டது. நம் நாளிதழ்த் தமிழ் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிடும். ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆயினும் இடைப்பட்ட இரண்டாண்டுகளில் பிரிட்டனில் எழுந்த வாதங்களைப் படிக்கும்போது, சொற்கள் இருந்தும் பொதுமக்கள் அவற்றைப் பிரித்தறிந்து பயன்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது.

வழக்கின் அடிப்படைச் செய்திகளை முதலில் நினைவுகூர வேண்டும். எவன்ஸ் வேல்ஸ் நாட்டுக்காக ஆடியவர். 2011-12 பருவத்தில் ஷெஃபீல்டு யுனைடெட் அணிக்காக 35 கோல்கள் அடித்தவர். 2011 மே மாத இறுதியில் வடக்கு வேல்ஸின் ரில் நகரை அடுத்த ஒரு விடுதியறையில், 19 வயதுப் பெண் ஒருவருடன் அவரும் இன்னொரு கால்பந்து வீரரும் உடலுறவு கொண்டனர். காலையில் அந்தப் பெண் தனியே கண்விழித்தார். இரவு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கைப்பையைக் காணவில்லை என்றே அவர் காவல்துறையை அணுகினார். எவன்ஸ் தன்னை வன்புணர்ந்தார் என்று அவர் எந்தக் கட்டத்திலும் சொல்லவில்லை. என்ன நடந்தது என்பதைக் காவல்துறையிடம் தெரிவித்தவர்கள் அந்த இரு ஆண்களே. பெண்ணின் இசைவோடுதான் நடந்தது என்பது அவர்கள் கூற்று. எனவே நீதிமன்றத்தின் முன் நின்றவை இரண்டு கேள்விகள்: இசைவளிக்கக்கூடிய நிலையில் அந்தப் பெண் இருந்தாரா? இசைவு இருப்பதாக எவன்ஸ் நம்பியது நியாயமான நம்பிக்கையா?

2012 ஏப்ரல் 20 அன்று கர்னார்வன் நீதிமன்றத்தின் ஜூரி எவன்ஸைக் குற்றவாளி என்றது. மற்றவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இரண்டே நாள் கழித்து, தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கம் அறிவித்த லீக் ஒன் பிரிவின் சிறந்த அணியில் எவன்ஸின் பெயரும் இடம்பெற்றது. சக வீரர்களின் வாக்குகள் தீர்ப்புக்கு முன்பே பதிவாகியிருந்தன. பட்டியலைத் திருத்த வேண்டும் என்று சங்கத்துக்குத் தோன்றவில்லை.

ஒரே இரவு, ஒரே அறை, ஒரே பெண். ஆனால் ஒருவருக்குச் சிறை, ஒருவருக்கு விடுதலை. எவன்ஸின் ஆதரவாளர்கள் முதன்மையாகப் பற்றிக்கொண்டது இதைத்தான். ஒருவருக்கு இசைவளிக்க முடிந்தவர் அடுத்தவருக்கு எப்படி அளிக்க முடியாமற் போனார் என்று கேட்டனர். கேள்வி தர்க்கபூர்வமாக ஒலிக்கிறது; ஆனால் சட்டம் ஒவ்வொரு குற்றஞ்சாட்டப்பட்டவரையும் தனியாகவே எடைபோடுகிறது. முதலாமவர் அந்தப் பெண்ணைத் தெருவில் சந்தித்து உடன் அழைத்துச் சென்றவர். எவன்ஸ் பின்னர் தானாக அந்த அறைக்கு வந்தவர். நியாயமான நம்பிக்கை என்னும் கேள்விக்கு இருவர் விஷயத்திலும் ஒரே விடை வர வேண்டிய கட்டாயமில்லை. 2012 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த முரண்பாட்டு வாதத்தை ஏற்காமல் அனுமதி மறுத்தது.

வாதத்தோடு நின்றிருந்தால் அது வெறும் கருத்து வேறுபாடாக இருந்திருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாலியல் குற்ற வழக்கில் புகார்தரப்புப் பெண்ணின் அடையாளம் வாழ்நாள் முழுவதும் காக்கப்படுகிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தீர்ப்பு வெளியான சில மணிகளிலேயே அந்தப் பெண்ணின் பெயர் ட்விட்டரிலும் முகநூலிலும் பரவியது, வசைச்சொற்களோடு. 2012 நவம்பரில் ஒன்பது பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒவ்வொருவரும் அவருக்கு 624 பவுண்டு செலுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. பெயரிடுவது குற்றம் என்று தெரியாது என்பதே அவர்களின் விளக்கமாக இருந்தது. அந்தப் பெண் பெயரை மாற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போக நேர்ந்தது.

2014இல் எவன்ஸ் சிறையிலிருந்து வெளிவந்ததும் கேள்வி வேறு உருவம் எடுத்தது. குற்றம் செய்தாரா என்பதைவிட, மீண்டும் ஆடலாமா என்பதே முன்னுக்கு வந்தது. பழைய கழகம் அவரைத் திரும்ப எடுக்கக் கூடாது என்ற மனுவில் 1,60,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அந்த ஊரில் பிறந்த ஒலிம்பிக் சாம்பியன் ஜெசிகா என்னிஸ்-ஹில், ஒப்பந்தம் போட்டால் மைதானத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து தன் பெயரை நீக்க வேண்டும் என்றார். அதற்கு அவருக்குக் கிடைத்த மறுமொழி வன்புணர்வு மிரட்டல். நவம்பரில் ஷெஃபீல்டு பின்வாங்கியது. 2015 ஜனவரியில் ஓல்டம் அத்லெட்டிக் முன்வந்து, விளம்பரதாரர்களின் எதிர்ப்புக்கும் ஊழியர்களுக்கு வந்த மிரட்டலுக்கும் பின் கைவிட்டது.

இதே ஓல்டம் 2007இல் லீ ஹியூஸ் என்பவரைச் சிறை முடிந்த கையோடு எடுத்துக்கொண்ட கழகம். ஆபத்தான வகையில் கார் ஓட்டி ஓர் உயிர் போகக் காரணமானவர் ஹியூஸ். மது அருந்திவிட்டு ஓட்டி இரண்டு சிறுவர்களின் சாவுக்குக் காரணமான லூக் மெக்கார்மிக் 2013இல் தன் பழைய பிளிமத் அணியின் கோல் காப்பாளராகத் திரும்பினார். இவர்களுக்குக் கிடைத்த மறுவாய்ப்பு எவன்ஸுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டவர்கள் எல்லோரும் பெண்களை வெறுப்பவர்கள் அல்லர். தண்டனை கழிந்தபின் உழைத்துப் பிழைக்கும் உரிமையைப் பேசியவர்களும் அவர்களில் இருந்தனர். எதிர்த்தரப்பின் விடை, ஹியூஸும் மெக்கார்மிக்கும் செய்ததை ஏற்றுக்கொண்டனர், எவன்ஸ் வருந்தவில்லை என்பது. இங்கேதான் பொதுக்கருத்து மேல்முறையீடு என்னும் அமைப்பையே புரிந்துகொள்ளத் தவறியது. குற்றத்தை மறுத்து மேல்முறையீட்டுக்கு முயலும் ஒருவரிடம் குற்றத்துக்கு வருந்து என்பது, வழக்கைக் கைவிடு என்பதற்குச் சமம். ஓல்டம் முயற்சி முறிந்தபோது அவர் வெளியிட்ட அறிக்கை, அந்த இரவின் விளைவுகளுக்காக மன்னிப்புக் கோரியது, செயலுக்காக அன்று. பலர் அதை நழுவல் என்றே படித்தனர்.

குற்ற வழக்குகள் மறுஆய்வு ஆணையம் 2015 அக்டோபரில் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2016 ஏப்ரல் 21 அன்று குற்றத்தீர்ப்பு ரத்தானது, மறுவிசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. காரணம், வேறு இரு ஆண்களின் சாட்சியம். ஏறத்தாழ அதே காலத்தில் அந்தப் பெண்ணுடன் தாங்கள் கொண்ட உறவு பற்றி அவர்கள் கூறிய விவரங்கள், எவன்ஸ் கூறியவற்றை ஒத்திருந்தன என்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் வாதம். இவ்வழக்கின் மையச் சிக்கல் இதுவே. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பெண்ணின் முந்தைய பாலுறவு வரலாற்றை ஜூரியின் முன் வைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு நடத்தை ஒத்திருந்தால் மட்டும் ஒரு குறுகிய விதிவிலக்கு உண்டு. அந்த வாயில் வழியாகவே சாட்சியம் நுழைந்தது. மிகுந்த தயக்கத்துடனேயே இம்முடிவுக்கு வருவதாக நீதிபதிகளே தீர்ப்பில் பதிவுசெய்தனர். அந்தத் தயக்கம் செய்தித் தலைப்புகளில் இடம்பெறவில்லை. தலைப்பில் தயக்கத்துக்கு இடம் ஏது?

மறுவிசாரணையில் ஜூரி சில மணி நேரத்தில் அவரை விடுவித்தது. அதுவரை அவர் பெயருக்கு முன்னால் ஒட்டியிருந்த அடைமொழியை நாளிதழ்கள் அன்றே கழற்றின. கழற்ற வேண்டியதுதான், சட்டத்தின் முன் அவர் குற்றமற்றவர். ஆனால் கழன்ற சொல் வேறொருவர் மேல் போய் ஒட்டிக்கொண்டது. பொய்ப்புகார் தந்தவள் என்றனர், அவளைச் சிறையில் தள்ள வேண்டும் என்றனர். நினைவில்லை என்று மட்டுமே சொன்ன ஒருவர் எந்தப் புகாரைப் பொய்யாகத் தந்தார்? ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிறுவப்படவில்லை என்பதே தீர்ப்பு. சாட்சி பொய்யுரைத்தார் என்று தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. தீர்ப்பு மாறியதும் வெற்றியும் தோல்வியும் இடம்மாறியாக வேண்டும் என்று கருதும் பழக்கம் கால்பந்துக்குரியது. அந்தப் பெண்ணின் பெயர் மீண்டும் இணையத்தில் ஏறியது. காவல்துறை மீண்டும் விசாரிக்க வேண்டியதாயிற்று.

இந்தியச் சட்டம் படித்தவர்களுக்கு 41ஆம் பிரிவுச் சர்ச்சை அந்நியமாக இராது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவு, வன்புணர்வு வழக்கில் பெண்ணின் பொதுவான ஒழுக்கக்கேட்டைக் காட்டி அவர் சாட்சியத்தைக் குலைக்க நூற்றாண்டுக்கு மேலாக இடமளித்தது. 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில்தான் அது நீங்கியது. 2013இல் சேர்ந்த 53அ பிரிவு, இசைவு பற்றிய கேள்வியில் பெண்ணின் முந்தைய பாலுறவு அனுபவம் பொருட்டாகாது என்றது. நம் ஏட்டில் உள்ள விதி இங்கிலாந்து விதியைவிடக் கண்டிப்பானது. நம் குறுக்கு விசாரணைகள் அந்த ஏட்டின்படி நடக்கின்றனவா என்பது வேறு கட்டுரைக்குரியது.

கார்டிஃப் தீர்ப்புக்குப் பின் பிரிட்டனில் தொழிற்கட்சியின் பெண் எம்.பி.க்கள் 40க்கும் மேற்பட்டோர் சட்டத்தைத் திருத்துமாறு தலைமை வழக்கறிஞருக்கு எழுதினர். அரசு ஆய்வு செய்து 2017 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. பார்க்கப்பட்ட 2016ஆம் ஆண்டு வன்புணர்வு வழக்குகளில் 92 விழுக்காட்டில் பெண்ணின் பாலுறவு வரலாறு சாட்சியமாக அனுமதிக்கப்படவில்லை. ஆகவே திருத்தம் தேவையில்லை என்றது அரசு. அந்த ஆய்வு எண்ணியது நீதிமன்றம் வரை வந்த வழக்குகளை மட்டுமே. கார்டிஃப் செய்திகளைப் படித்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போகாமலே இருந்துவிட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.