உடுவில் பள்ளியின் ஆயிரம் மகள்கள்

எலைசா அக்னியூ அம்மையாரைப் பற்றிய எந்தக் குறிப்பைப் புரட்டினாலும் ஒரு பட்டம் கண்ணில் படும்: ‘ஆயிரம் மகள்களின் தாய்’. 1807இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1840 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கி, உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியை 1879 வரை நடத்தினார். 1883இல் மானிப்பாயில் காலமானார். அந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு தடவைகூட அமெரிக்கா திரும்பவில்லை. இவ்வளவும் சிரமமில்லாமல் கிடைத்துவிடுகிறது. எனக்கு வேண்டியிருந்தது அடுத்த விவரம். அந்த மகள்கள் யார் யார்? ஒருவரையாவது இன்னாரின் மகள், இன்ன ஊர்க்காரி என்று அடையாளம் காட்ட முடியுமா?

தேடலை லீச் சகோதரிகளிடமிருந்து தொடங்கினேன். மேரி, மார்கரெட் என்ற இருவரும் 1880இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகள். அக்னியூ அம்மையாரின் கடைசிக் காலத்தில் அருகில் இருந்தவர்கள். 1890இல் வெளியான அவர்களுடைய நூலில் அம்மையாரின் அன்றாடம் தெரிகிறது. வகுப்போடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. படித்துப் போன பெண்களின் ஊர்களுக்குப் போவார், வீடுகளில் தங்குவார், அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். முதலில் படித்தவர்களின் பிள்ளைகளும், சிலருடைய பேரப்பிள்ளைகளும்கூட அவரிடமே படித்தார்கள். மரணப் படுக்கையில், என்ன வேண்டி ஜெபிக்கலாம் என்று கேட்டபோது தனக்கென எதையும் கேட்காமல் இலங்கைப் பெண்களுக்காக ஜெபிக்கச் சொன்னார். மாணவிகள் ஆயிரத்துக்கு மேல் என்று கணக்கும் சொல்கிறார்கள். கணக்கிலிருந்து பெயருக்குப் போகத்தான் வழி வேண்டும்.

அமெரிக்க மிஷனின் ஆண்டறிக்கைகள், பாஸ்டனில் அச்சான ‘மிஷனரி ஹெரால்ட்’ மாத இதழ், ஹார்வர்டின் ஹவ்டன் நூலகத்தில் காக்கப்படும், மிஷனரிகளை அனுப்பிய அமெரிக்கன் போர்டின் கடிதக் கட்டுகள். உடுவில் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கிறது. இவற்றில் ஊர்ப்பெயர்களின் எழுத்தே வேறு: மிஷனின் ஆண்கள் செமினரி இருந்த வட்டுக்கோட்டையைத் தேடுபவர் ‘பட்டிக்கோட்டா’வில் பார்க்க வேண்டும், உடுவில் ‘ஊடூவில்’ ஆகியிருக்கும். ஊர்ப்பெயர்கள் சீக்கிரம் பழகிவிடும். ஆட்பெயர்தான் ஆளை மடக்குகிறது.

விடுதிப் பள்ளிகள் அமெரிக்க நன்கொடையில் நடந்தன. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறவர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். காலமான தாயின் பெயர், போதகரின் பெயர், சில சமயம் நன்கொடையாளரின் சொந்தப் பெயர். அதனால் உடுவில், வட்டுக்கோட்டைப் பெயர்களை வாசிப்பவருக்கு நியூ இங்கிலாந்தின் ஏதோ ஒரு தேவாலயப் பதிவேட்டை வாசிப்பதுபோல இருக்கும். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன். இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்த தமிழர்கள்.

ஆண்களைப் பொறுத்தவரை முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை ஆகியோர் நூல் எழுதினார்கள், பதவி வகித்தார்கள். இரவல் பெயருக்குப் பக்கத்தில் சொந்தப் பெயரும் அச்சேறியது. பெண்களுக்கு அது வாய்க்கவில்லை. பள்ளியில் நன்கொடையாளரின் பெயர். கல்யாணத்துக்குப் பின் இன்னாரின் மனைவி. ஒரே ஆளை அறிக்கைகள் இரண்டு தடவை மறைக்கின்றன.

மரியா பீபொடி என்ற பெயரைப் பின்தொடர்ந்தபோது இது முழுசாகப் புரிந்தது. அமெரிக்காவில் ஞாயிறு பள்ளிகளுக்காக அச்சிட்ட சிறு பிரசுரம் ஒன்றில் அவர் கதை வருகிறது. அமெரிக்கப் பெண் ஒருத்தி தானே பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு பிள்ளை உடுவிலில் படிக்கிறாள். பணம் தந்தவரின் பெயரே அவளுக்கும் வைக்கப்படுகிறது. வளர்ந்த பிறகு அந்த மாணவி தன் பங்கான தென்னந்தோட்டத்தை மிஷனுக்குக் கொடுக்கிறார். பிறகு ஏழாலையில் பள்ளி நடத்த ஆள் தேவைப்பட்டபோது, தோட்டத்தைத் தந்த நான் என்னையும் தருகிறேன் என்று முன்வருகிறார். மிஷனரிகளால் கால் ஊன்ற முடியாத ஊராக அப்போது ஏழாலை இருந்தது. அங்கே போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்த இந்த ஆசிரியை, கதை முழுவதும் மரியா பீபொடியாகவே நடமாடுகிறார்.

அந்தத் தென்னந்தோட்டத்தில்தான் என் தேடல் திசை மாறியது: காணி கைமாறியிருந்தால் அதற்கு ஒரு பத்திரம் இருக்க வேண்டுமே. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது. அதன்படி சீதனம் பெண்ணின் சொத்து. அக்னியூ வந்து சேர்ந்த அதே 1840இல் இலங்கையில் வந்த 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும் என்றது. நன்கொடையாளர் சூட்டிய பெயரைப் பள்ளி அறிக்கை ஏற்றுக்கொள்ளும். காணி உறுதிக்கு அது போதாது. உடைமைக்காரி யார், காணி எந்த வழியில் வந்தது, எல்லைகள் எவை என்று அதில் எழுதியாக வேண்டும். உடுவில் பெண்களின் சொந்தப் பெயர்களைத் தேட வேண்டிய முதல் இடம் சீதன உறுதிகளும் தேவாலயக் காணிகளின் மூல உறுதிகளும்தான் என்பது என் முடிவு.

இரண்டாவது தடயம் கணவன்மார். படித்த ஆண்களுக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பது உடுவில் பள்ளியை 1824இல் தொடங்கியபோதே மிஷனின் எண்ணம். பெற்றோரின் தயக்கத்தைப் போக்க ஆரம்ப காலத்தில் மாணவிகளுக்குச் சிறு சீதனமும் கொடுத்தார்கள். உடுவில் பெண்கள் பலர் வட்டுக்கோட்டை மாணவர்களை மணந்தார்கள். ஆகவே உபதேசியாரும் ஆசிரியருமான ஒருவர் எந்த ஊரில் நியமிக்கப்பட்டார் என்று அறிக்கையில் பார்த்து, அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளுக்குப் போனால் மனைவியை நெருங்கலாம். மூன்றாவது ‘உதயதாரகை’யின் பழைய இதழ்கள்.

இந்த வழிகள் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டு போகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. பின்வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீட்டுப் பெட்டிகளில் இருந்த உறுதிகளும் கடிதங்களும் எத்தனையோ தொலைந்தன. எஞ்சியவற்றில் ஒரு பகுதி கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய குடும்பங்களின் அலுமாரிகளில் இருக்கிறது.

அக்னியூ அம்மையார் பெரிய ஆசிரியை. அவர் செய்த வேலையின் அளவு, அவரிடம் படித்துவிட்டு ஏழாலை போன்ற ஊர்களில் பள்ளி நடத்திய பெண்களிடம்தான் தெரியும். அவர்களைச் சொந்தப் பெயரில் எழுதாதவரை அவருடைய வரலாறும் பாதிதான்.

உங்கள் வீட்டுப் பாட்டியோ பூட்டியோ உடுவிலில் படித்தவராக இருந்தால், பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சீதன உறுதியையும் விவாகச் சான்றையும் எறிந்துவிடாதீர்கள். அவற்றைப் படமெடுத்து, ‘நூலகம்’ போன்ற எண்ணிம ஆவணகங்களுக்கு அனுப்புங்கள். ஒரு பழைய உறுதி போதும், ஒரு ஆசிரியைக்கு அவர் பெயர் திரும்பக் கிடைத்துவிடும்.