இரண்டு பைட் பிறந்த கதை

1970களின் தொடக்கம். அமெரிக்காவின் நியூஜெர்சியில், பெல் ஆய்வகத்தின் பி.டி.பி-11 கணினியில் யூனிக்ஸ் இயங்குதளம் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு வழக்கமான நிரல் கோப்பைத் திறந்தால் முதலில் நிற்பது 0407 என்ற எட்டடிமான எண். அது அடையாளம் மட்டுமல்ல, பி.டி.பி-11 பிராசஸருக்குப் புரிகிற கட்டளையும்கூட: 'அடுத்த ஏழு சொற்களைத் தாண்டிக் குதி.' இங்கே ஒரு சொல் என்பது 2 பைட். கோப்பின் தலைப்பகுதி எட்டுச் சொற்கள். முதல் சொல் இந்தக் கட்டளை. மீதி ஏழையும் தாண்டினால் நிரலின் வாசலில் கால் வைக்கலாம்.

பிறகு யூனிக்ஸ் வாக்ஸ் கணினிக்குக் குடிபோனது. 0407-ஐயும் கையோடு கொண்டுபோனது. வாக்ஸின் கட்டளைகள் வேறு. 'குதி' என்ற பொருள் உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சியது. இப்போது ஒரே எண்ணுக்கு இரண்டு கணினிகள். கோப்பு யாருடையது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

லிங்கருக்கு இது பெரிய சங்கடம். கம்பைலர் தனித்தனியாகத் தரும் ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கோத்து ஒரே நிரலாக்குவது அதன் வேலை. உள்ளே இருப்பதோ வெறும் பைட்டுகள். ஒரு பிராசஸருக்குக் கூட்டலாக இருப்பது இன்னொன்றுக்கு அர்த்தமற்ற குப்பையாக இருக்கலாம்.

சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் காஃப் வடிவத்தில், தொடக்க எண்ணே கணினியின் வகையைச் சொன்னது. அதன் இடத்துக்கு, சிஸ்டம் ஃபைவின் நான்காம் வெளியீட்டில், ஈ.எல்.எஃப் வந்தது. இதில் முதல் பைட் 127. அடுத்த மூன்றும் அதன் பெயரெழுத்துகள். பிறகு, 32 பிட்டா 64 பிட்டா என்று ஒரு பைட். எண்களை எந்த வரிசையில் படிப்பது என்று ஒரு பைட். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 18, 19ஆம் இடங்களில் இருக்கின்றன நம் கதைக்குரிய இரண்டு பைட்டுகள். பிராசஸரின் எண் அங்கேதான்.

இன்டெல் 386 கோப்பில் அவை '3, 0'. ஸ்பார்க் கோப்பில் '0, 2'. ஒன்று சிறிய பகுதியை முதலில் எழுதும், மற்றது பெரிய பகுதியை. அதனால்தான் வரிசையைச் சொல்லும் தகவல் முன்னாலேயே, ஒற்றை பைட்டாக வைக்கப்பட்டது. ஒற்றை பைட்டை யார் படித்தாலும் ஒன்றுதான். இந்த முன்யோசனையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

எண்ணைப் படித்தபின் தீர்ப்பு சொல்வது லிங்கர். க்னூ லிங்கரில் அந்தப் பொறுப்பு பி.எஃப்.டி நூலகத்துக்கு. இன்டெலின் ஓரிகன் குழுவுக்கு 960 பிராசஸரின் இரண்டு கோப்பு வடிவங்களையும் ஒருசேரக் கையாளும் தேவை வந்தபோது, சிக்னஸ் நிறுவனத்தில் உருவானது அது. அதன் பொது விதி எளிது. பிராசஸர் குடும்பம் வேறா? சேராது. சொல்லின் அளவு வேறா? சேராது. இரண்டும் ஒத்தால், இருவரில் பிந்தைய தலைமுறையின் பெயரே விளைவுக்கு. 68000 கோப்பும் 68020 கோப்பும் சேர்ந்தால் நிரல் 68020-க்கு உரியது. 386-உம் எக்ஸ்86-64-உம் ஒரே குடும்பம்தான். ஆனால் ஒன்றுக்கு 32 பிட், மற்றதற்கு 64. லிங்கர் மறுத்துவிடும்.

ஈ.எல்.எஃப் பட்டியலில் எண் 1, பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி தானே செய்த டபிள்யூ.ஈ. 32100 பிராசஸருக்குத் தரப்பட்டது. அந்தச் சில்லு சந்தையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. 64 பிட் ஆர்முக்கு 183, ரிஸ்க்-ஃபைவுக்கு 243 என்று பட்டியல் நீண்டுவிட்டது. ஆனாலும் 1 இன்னும் அதன் பெயரில்தான் இருக்கிறது. 0407-க்கு நேர்ந்தது அதற்கு நேரவில்லை.